பிளாக், வலைப்பூ, வலைப்பதிவு: ஒரு சொல் விளக்கம்

'பிளாக்' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, இது என்ன என்று திருவாரூர் மாவட்டத்தில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை இங்கே எல்லோரும் 'பிளாக் ஆபீஸ்' என்றுதான் சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒருவரைத் தடுத்து வைத்தால் 'பிளாக் பண்ணிட்டான்'. கூடுதல் விலைக்கு விற்கும் சினிமா டிக்கெட் 'பிளாக் டிக்கெட்'. இணையத்தில் நாமே எழுதி நாமே வெளியிடுகிற இடமும் பிளாக். ஆங்கிலத்தில் இவை block, black, blog என்று மூன்று தனித்தனிச் சொற்கள். நம் எழுத்தில் மூன்றுக்கும் ஒரே உருவம்தான் வருகிறது. மன்னார்குடி டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு இது:

"அண்ணே, பாமணியாறு பத்தி பிளாக்ல எழுதியிருக்கேன், பாத்தீங்களா?"

"எந்த பிளாக்குல தம்பி? மன்னார்குடியா, நீடாமங்கலமா? நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கா?"

கேட்டவர் மேல் பிழை இல்லை. அந்தச் சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் அதுதான். இதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் சொல்வதில் மொழிப்பற்றும் உண்டு. சொன்னது சொன்னபடி விளங்க வேண்டும் என்ற கவலை அதைவிட அதிகம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தான் படித்தவற்றை நாள்தோறும் குறித்து வைத்த தம் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் சூட்டினார். 'வெப்' என்பது வலை, 'லாக்' என்பது குறிப்பேடு. 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அந்தச் சொல்லை வேறு இடத்தில் பிரித்து 'வீ பிளாக்' என்று தம் தளத்தின் ஓரத்தில் எழுதி வைத்தார். விளையாட்டாகப் பிரித்ததுதான், ஆனால் பின்பாதி மட்டும் தனியே நின்றுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் நிறுவனம் 'பிளாகர்' சேவையைத் தொடங்கியதும் சொல் ஊரெங்கும் பரவியது. 2003இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு மே மாதம், பிளாக் எழுதுவதற்கான இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ் வெளிவந்தது. 2004இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி தன் 'ஆண்டின் சொல்' ஆக அறிவித்தது 'பிளாக்'கைத்தான்.

இந்த 'லாக்' கடலிலிருந்து வந்த சொல். மூலப்பொருள் வெறும் மரக்கட்டை. பாய்க்கப்பல் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, கயிறு கட்டிய ஒரு மரத்துண்டைப் பின்புறமிருந்து கடலில் போடுவார்கள். கட்டை போட்ட இடத்திலேயே மிதக்கும், கப்பல் முன்னே போகும், கயிறு உருண்டு ஓடும். கயிற்றில் சரியான இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். பின்னாளில் வழக்கமான அளவுப்படி 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, நேரத்துக்கு 28 விநாடி மணற்கடிகை. அந்த நேரத்தில் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ அதுவே வேகம். கப்பல் வேகத்தையும் புயல் காற்றின் வேகத்தையும் இன்றும் 'நாட்' என்று சொல்வது அந்த முடிச்சைத்தான். எண்ணிய கணக்கை உடனே ஓர் ஏட்டில் எழுதினார்கள். கட்டையின் பெயர் ஏட்டுக்கு வந்தது. ஏட்டில் வேகத்தோடு காற்றின் திசை, வானிலை, கண்ட கரை, கப்பலில் நடந்தது என்று எல்லாம் சேர்ந்தன.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. லாக் என்பதன் உயிர் இருப்பது அந்த 'உடனே'யில். நாள் போட்டு, நேரம் போட்டு, நடந்ததை நடந்தபோதே எழுதுவது. அழகாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. தேதி இல்லாவிட்டால் மட்டும் அது லாக் ஆகாது.

இனி தமிழுக்கு வருவோம். 2003, 2004 வாக்கில் யூனிகோடு எழுத்துரு கைவந்து, தமிழில் ஆங்காங்கே பலர் எழுதத் தொடங்கியபோது இரண்டு சொற்கள் சேர்ந்தே புழங்கின: வலைப்பூ, வலைப்பதிவு. இன்றுவரை இரண்டும் இருக்கின்றன.

வலைப்பூ கேட்க இனிமையான சொல். மூன்றெழுத்துக்குமேல் ஒன்று கூட்டி முடிந்துவிடுகிறது. ஒருவர் தன் விருப்பத்துக்கு மலரவிடும் இடம் என்ற உணர்வும் அதில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு குடும்பமே வளர்ந்தது: எல்லோர் எழுத்தையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்ட 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தளத்தின் பெயர் தமிழ்மணம், பிறகு வந்த இன்னொரு திரட்டியின் பெயர் தேன்கூடு. பூ, மணம், தேன் என்று எல்லோரும் கூடிப் பேசி வைத்தாற்போல் அமைந்த பெயர்கள்.

ஆனாலும் கலைச்சொல்லாக எடுத்தால் வலைப்பூ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு கலைச்சொல் கிளை விட வேண்டும். எழுதுகிறவரை என்ன சொல்வது? எழுதும் செயலை என்ன சொல்வது? 'வலைப்பூவர்' நாக்கில் ஒட்டவில்லை. வலைப்பதிவிலிருந்து பதிவர் வந்தார், பதிவிடுதல் வந்தது, பதிவர் சந்திப்பு நடந்தது, பதிவுலகம் என்ற சொல்லும் வந்தது. எழுதுகிறவரைச் சிலர் 'வலைஞர்' என்றும் சொல்லிப் பார்த்தார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையை வைத்திருக்கும் நமக்கு அது பொருந்தாது. பழந்தமிழில் வலைஞர் என்றால் வலைவீசி மீன் பிடிப்பவர்; அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பொருளும் பதிவிலேயே சரியாக உட்காருகிறது. 'பதி' என்றால் ஊன்று, அழுத்து, நிலைக்கச் செய். கொடியைப் பதியம் போடுகிறோம். கால் சேற்றில் பதிகிறது. பத்திரம் பதிகிறோம். மனதில் பதிகிறது. எல்லாவற்றிலும் ஒன்று இன்னொன்றில் இறங்கி நிலைகொள்கிறது. பதிந்து வைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரின் பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெண்கள் நமக்குப் பெயரோடு தெரிவது அந்த விவரங்களால்தான்.

ஆகவே என் முடிவு: பொதுச்சொல் வலைப்பதிவு. உங்கள் இடத்துக்குப் பெயர் வைக்கும்போது 'இன்னாரின் வலைப்பூ' என்று ஆசையோடு வைத்துக்கொள்ளலாம், தடையில்லை.

இதில் ஒரு குழப்பம் தொடக்கத்திலிருந்தே உண்டு. முழுத் தளத்தையும் 'பதிவு' என்கிறோம், அதில் நேற்று எழுதிய ஒன்றையும் 'பதிவு' என்கிறோம். 'உங்கள் பதிவு அருமை' என்றால் எது அருமை? இதைத் தீர்க்க அப்போதே ஒரு நல்ல சொல் முன்வைக்கப்பட்டது: இடுகை. கோலமிடு, பெயரிடு, உரமிடு என்பதில் வரும் அதே 'இடு'. தளம் வலைப்பதிவு, ஒவ்வொரு முறை இடுவதும் இடுகை. துல்லியமான சொல், ஏனோ பேச்சில் பரவவில்லை. எழுத்திலாவது அதைக் காப்பாற்றலாம் என்பது என் விருப்பம்.

வாசகர் கீழே எழுதுவதற்குப் 'பின்னூட்டம்' என்பது நன்றாகவே பரவியது. 'ஃபீட்பேக்' என்ற ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக மாற்றிய அந்த ஒட்டுவேலை எனக்கு ஒப்பவில்லை. 'மறுமொழி' என்று பழகிய சொல் கையில் இருக்கும்போது ஊட்டத்துக்கு என்ன வேலை?

நம் பக்கத்து ஆட்கள் நின்று பார்க்க வேண்டிய சொல் இன்னொன்று இருக்கிறது. ஒருவர் புதிதாக எழுதியதைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் 'ஃபீட்' என்ற ஏற்பாட்டுக்கு, பதிவர்கள் வைத்த பெயர் ஓடை, செய்தியோடை. காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு ஓடைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடை தானாக ஓடுவது, பள்ளம் கண்ட பக்கம் போவது. வாய்க்காலில் மதகு உண்டு, மடை உண்டு, முறை வைத்துத் தண்ணீர் விடுவது உண்டு. திறப்பவர் கையில்தான் அது இருக்கிறது. ஆர்எஸ்எஸ் (RSS) என்ற பழைய இணைய முறையில் அமைந்த செய்தியோடையில் நீங்கள் கேட்டவர் எழுதியதெல்லாம், எழுதிய வரிசையில், ஒன்று விடாமல் வந்தது. அதற்கு ஓடை என்ற பெயர் தகும். ஃபேஸ்புக் 2006இல் தன் 'நியூஸ் ஃபீட்'டைத் தொடங்கியது. 2016இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் கால வரிசையைக் கைவிட்டு, எதை மேலே காட்டுவது என்பதைக் கணக்கு போட்டு முடிவுசெய்யும் முறைக்கு நகர்ந்தன. இப்போது உங்கள் கைப்பேசியில் வருவது மதகு வைத்த தண்ணீர். தலைமடைக்காரருக்குப் பாய்ந்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு. இதையும் ஓடை என்று சொல்வது பொருந்தாது. 'வரத்து' என்று சொல்லலாம். தண்ணீர் வரத்து, நெல் வரத்து என்று நாம் தினமும் சொல்வதுதான். யாரோ அனுப்பி வருவது என்ற பொருள் அதிலேயே அடங்கியிருக்கிறது.

வணிகப் பெயர்களை மொழிபெயர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. முகநூல் நிலைத்துவிட்டது, இனி அதை அசைக்க முடியாது. ஆனால் 'கீச்சு' என்ன ஆனது என்று பாருங்கள். ட்விட்டர் என்றால் பறவையின் கீச்சொலி என்று பொருள் கண்டு அழகாக அமைத்த சொல் அது. 2023 ஜூலையில் அந்த நிறுவனம் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பறவையும் போயிற்று, கீச்சுக்குக் காலூன்ற இடமும் இல்லாமல் போயிற்று. நிறுவனம் தன் பெயரை நினைத்தபோது மாற்றும், அதன் நிழலில் வளர்த்த சொல் அன்றைக்கே வாடும். பிளாகர், வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் ஆகியவை பெயர்கள், அப்படியே எழுதலாம். இடுகை, வரைவு, மறுமொழி, குறிச்சொல் ஆகியவை எந்தக் கருவிக்கும் பொதுவான பொருள்கள். தமிழ் வேண்டியது இவற்றுக்குத்தான். பக்கத்துக்கு ஆயத்த வடிவம் தரும் 'டெம்ப்ளேட்' என்பதற்கு வைத்த 'வார்ப்புரு'வும் இந்த வரிசையில் நல்ல சொல். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் ஒவ்வொரு சிலைக்கும் மண் அச்சை உடைத்தே எடுக்கிறார்கள் என்பதையும், இணையத்தின் வார்ப்புரு ஒன்றே ஆயிரம் பேருக்கு ஆகிறது என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

'பதிவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால், எப்போதாவது எழுதுகிறவர்களுக்குப் பெரிய பயம் ஒன்று விலகும். பிளாக் என்றதும் பலர் கட்டுரை எழுத உட்கார்ந்து, முன்னுரையில் சிக்கி, வரைவிலேயே விட்டுவிடுகிறார்கள். பதிவு அவ்வளவு கேட்பதில்லை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அது செய்தித்தாளில் வரும். உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த நாள் வந்தது என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதாது. இப்படி இருந்தால் போதும்:

"ஜூன் 27, காலை பத்து மணி. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முழங்கால் அளவு. கண்ணி வாய்க்கால் தூர்வாராததால் மேலத்தெரு வயலுக்கு ஏறவில்லை. பூங்கார் விதை கிடைக்காமல் குறுவைக்கு வேறு ரகம் போடுவதாகப் பக்கத்து வயல் அக்கா சொன்னார்."

நாலு வரி, கூட ஒரு படம். பத்து ஆண்டு இப்படிச் சேர்ந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் எப்படித் தள்ளிப்போகிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துக் கண்டுகொள்ளலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத நாள்களையும் சாய்ந்த தென்னைகளையும் எத்தனையோ பேர் முகநூலில் எழுதினார்கள். மனதை உலுக்கிய எழுத்து. இன்றைக்குத் தேடி எடுக்கப் பெரும்பாடு படவேண்டும், ஏனெனில் அந்த வரத்தில் பழையதெல்லாம் அடியில் போய்விடுகிறது. வலைப்பதிவில் ஆண்டும் மாதமும் ஓரத்தில் அடுக்காக நிற்கும். சமூக ஊடகத்தில் எழுதுங்கள், நாலு பேர் பார்க்க அதுவே வழி. அதன் படியொன்றைத் தேதியோடு வலைப்பதிவிலும் இட்டு வையுங்கள்.

இடும்போது, எதைப் பற்றி எழுதியது என்று காட்டும் குறிச்சொல்லை மறக்க வேண்டாம். பிளாகரில் அதற்கு 'லேபிள்' என்று ஒரு பெட்டி இருக்கும், காற்புள்ளி போட்டுப் பிரித்துப் பலவற்றை எழுதலாம். குறிச்சொல் ஒரே எழுத்தில் இருந்தால்தான் எல்லாம் ஓரிடத்தில் சேரும். ஒரு நாள் குறுவை, மறுநாள் குருவை என்று எழுதினால் கருவி இரண்டையும் வேறுவேறாகவே வைக்கும். ஊர்ப் பெயரில் இதற்கு நேர்மாறாக, வழங்கும் பெயர் எல்லாவற்றையும் போட வேண்டும். கும்பகோணத்தோடு குடந்தை, மன்னார்குடியோடு மன்னை, மயிலாடுதுறையோடு மாயவரம். மயிலாடுதுறை 2020இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் அந்த ஊர்களைப் பற்றி எழுதியவர்கள் நாகை மாவட்டம் என்று குறித்திருப்பார்கள். பழைய இடுகைகள் கைவசம் இருந்தால் அந்தக் குறிச்சொல்லை அழிக்காமல், பக்கத்தில் புதியதையும் சேர்த்துவிடுங்கள்.