ரெட் டாட் வாங்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்

"புள்ளி வட்டமாவே இல்லைங்க. வால் முளைச்ச மாதிரி இருக்கு. பீஸ்ல ஏதோ பழுது."

ரைஃபிளுக்குப் பெரிதாக்கிக் காட்டாத சைட் (குறிபார்க்கும் கருவி) வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இதுதான். கடையில் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, புதிதாக வந்ததிலும் அதே வால் தெரிந்த பிறகு வருபவர்களும் உண்டு. கண் பரிசோதகராக நான் பார்த்தவரை, பழுது அநேகமாகக் கண்ணில்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ரெட் டாட்டா, ஹாலோகிராஃபிக்கா, பிரிஸமா என்று விலையையும் பேட்டரியையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

ரெட் டாட்டுக்குள் இருப்பது ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. அதன் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைக்கதிர்களாகத் திரும்பி வருவதால், புள்ளி வெகுதூரத்தில் இலக்கின் மேலேயே நிற்பதாகத் தெரியும். யோசனை பழையது. டப்ளினில் தொலைநோக்கி செய்துகொண்டிருந்த ஹோவர்ட் கிரப் 1900ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். மின்விளக்குப் புள்ளியோடு ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் சந்தைக்கு வந்தது 1975இல்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய உதவி. சாதாரண சைட்டில் பின்சைட், முன்சைட், இலக்கு என்று மூன்று தூரத்தைக் கண் சமாளிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது முடிவதில்லை. ரெட் டாட்டில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் கண்ணுக்கு இதைவிடக் கறாரான சோதனையும் கிடையாது. இருண்ட பின்னணியில் ஒற்றை ஒளிப்புள்ளி என்றால், கருவிழியின் வளைவில் உள்ள சிறு கோணல்கூட அப்படியே தெரிந்துவிடும். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் என்று எழுதுகிறோமே, அந்தக் குறைதான் இது. 0.50 அளவு சிலிண்டர் உள்ளவர் படிப்பார், வண்டி ஓட்டுவார், எந்தச் சிரமமும் சொல்லமாட்டார். ரெட் டாட்டைப் பார்த்ததும்தான் புள்ளி சாய்ந்த கோடாகத் தெரியும். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அலகில் சொல்வார்கள்; 100 மீட்டரில் 2 எம்.ஓ.ஏ. புள்ளி சுமார் 6 செ.மீ. இடத்தை மறைக்கும். அது இரண்டு மடங்கு நீண்டு தெரிந்தால், குறியின் நடு எது என்றே சொல்ல முடியாது.

பழுது யாருடையது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரைஃபிளிலிருந்து கழற்றிய சைட்டை மட்டும் கொண்டுவரச் சொல்வேன். வெற்றுச் சுவரை நோக்கிப் பிடித்து, தெரிகிற புள்ளியைத் தாளில் வரையச் சொல்வேன். அப்புறம் சைட்டை மெதுவாகச் சுழற்ற வேண்டும். வாலும் கூடவே சுழன்றால் குறை சைட்டில். சைட் சுழன்றும் வால் இருந்த திசையிலேயே நின்றால் கண்ணில். கடைசியாக, ஊசியால் துளையிட்ட கறுப்பு அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். சிலிண்டர்தான் காரணம் என்றால் வால் சட்டென்று சுருங்கிப் புள்ளி உருண்டையாகிவிடும். "இப்போ வட்டமா இருக்கு!" என்ற குரலில் நிம்மதியும் கொஞ்சம் ஏமாற்றமும் சேர்ந்தே இருக்கும்.

இங்கே பலர் அவசரப்பட்டு வேறு வகை சைட்டுக்குத் தாவுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது சரியான பவரில் கண்ணாடியோ, சிலிண்டர் திருத்தும் கான்டாக்ட் லென்ஸோ போட்டுப் பார்ப்பது. புள்ளி தூரத்தில் தெரிவதால் தூரப் பார்வைப் பவர்தான் வேண்டும், படிக்கிற பவர் அல்ல. அடுத்தது வெளிச்சம். புள்ளி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஏற்றி வைப்பவர்களே அதிகம். இலக்கின் மேல் தெரிகிற அளவுக்குக் குறைத்தால் வாலில் பாதி காணாமல் போகும். மங்கலான நேரத்தில் கண்மணி விரிவதால் சிதறல் இன்னும் கூடும், அப்போது இது ரொம்பவே முக்கியம்.

ஹாலோகிராஃபிக் சைட்டில் குறிவடிவத்தைக் காட்டுவது லேசர். 'சிலிண்டர் இருந்தால் இதை வாங்கு, சரியாகிவிடும்' என்று சொல்லப்படுவதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். ஒளி எங்கிருந்து வந்தாலும் அதே கருவிழி வழியாகத்தான் போகிறது, நடுப்புள்ளி இங்கேயும் இழுபடும். ஆனால் புள்ளியைச் சுற்றிப் பெரிய வளையம் இருப்பதால், புள்ளி கலங்கினாலும் நடுவைக் கண் ஊகித்துக்கொள்ளும். இந்த வளையம் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. புள்ளியையே உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகத் தெரியும், அது லேசரின் இயல்பு. பேட்டரி விஷயத்தில் பின்தங்கியதுதான்: நல்ல ரெட் டாட் பல்லாயிரம் மணி நேரம் ஓடும், இது அதன் அருகில் வராது.

சிலிண்டர் கூடுதலாக இருந்து, கண்ணாடி போட்டும் புள்ளி நேராகாதவர்களுக்கு நான் சொல்வது 1x, அதாவது பெரிதாக்காத, பிரிஸம் சைட். இதில் குறிக்கோடுகள் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், பேட்டரி தீர்ந்தாலும் கறுப்பாகத் தெரியும். ஒளிப்புள்ளி சிதறுவதுபோல் கறுப்புக் கோடு சிதறாது. கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பிக் கோட்டைத் தெளிவாக்கலாம், ஆனால் அது சாதாரணப் பவரை மட்டுமே ஈடுகட்டும், சிலிண்டரை அல்ல. குறைகளும் உண்டு. சைட்டின் பின்னால் கண்ணை ஏறக்குறைய ஒரே தூரத்தில் வைத்தாக வேண்டும், தலை விலகினால் ஓரம் இருட்டும். ரெட் டாட்டில் கிடைக்கும் சுதந்திரம் இங்கே இல்லை. கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிவப்பை உணரும் கண்செல் வேலை செய்யாத வகை நிறக்குறை உள்ள ஆண்களுக்குச் சிவப்புப் புள்ளி மங்கித் தெரியும். அவர்கள்தான் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். பச்சைப் புள்ளியைக் காட்டினால் அந்த இடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொன்று. கன்னத்தை ரைஃபிளின் பின்கட்டையில் பதித்ததும் பார்வை லென்ஸின் நடுவில் போவதில்லை. மூக்கை ஒட்டிய மேல்மூலை வழியாகப் போகிறது. படுத்துச் சுடும்போது இன்னும் மேலே. பவர் கூடின லென்ஸில் அந்த மூலையே புதிதாகச் சிதறலை உண்டாக்கும், தூரப் பவரும் படிக்கிற பவரும் சேர்ந்த புரோகிரஸிவ் லென்ஸில் ஓரம் இன்னும் மோசம். அதனால் சுடுவதற்கென்று தனியாக, ஒற்றைப் பவரில், உடையாத பாலிகார்பனேட்டில் கண்ணாடி செய்யச் சொல்கிறேன். அளவெடுக்க வரும்போது நீங்கள் குறி பார்க்கும் நிலையில் தலையைச் சாய்த்துக் காட்டுங்கள், கருமணி லென்ஸில் எங்கே விழுகிறது என்று அங்கேயே மையால் குறித்துக்கொள்வோம்.