வால் கனத்தால்

"பின்னால சீட் காலியாத்தானே இருக்கு, போய் உட்கார்ந்துக்கிறேனே?" என்று பயணி கேட்பார். மேலே ஏறிய பிறகு மாறிக்கொள்ளலாம் என்பார் விமானப் பணிப்பெண். வீம்பு என்று பயணி முணுமுணுப்பார். விமானத்தில் எந்த எடை எங்கே என்று காட்டும் கணக்குத்தாளை, அதாவது லோட் ஷீட்டை, போடுபவன் நான். அந்தக் காலி சீட்டும் என் கணக்கில் உண்டு.

பெரிய விமானத்தில் ஒருவர் மாறினால் ஒன்றும் ஆகாது. சிறிய விமானத்தில் நாலு பேர் பின்னால் போனாலே கணக்கு நகரும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. எல்லா எடையும் சேர்ந்து நிற்கும் புள்ளி, அதாவது ஈர்ப்பு மையம், முன்னெல்லைக்கும் பின்னெல்லைக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

காகித விமானத்தின் மூக்கில் கிளிப் மாட்டி எறிந்தால் நேராகப் போகும். வாலில் மாட்டினால் மூக்கைத் தூக்கித் தடுமாறி விழும். காற்று மூக்கை மேலே தள்ளும்போது இறக்கையிலும் வாலிலும் கூடுதல் தூக்குவிசை பிறக்கிறது. அது ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் செயல்பட்டால் மூக்கைத் தானே இறக்கிவிடும். அந்த விசை செயல்படும் இடத்தையும் தாண்டி மையம் பின்னே போய்விட்டால், அதே விசை மூக்கை இன்னும் தூக்கும். மையம் ரொம்ப முன்னால் இருந்தாலும் தொல்லைதான்: நிலைத்தன்மை கூடும், ஆனால் எரிபொருள் அதிகம் குடிக்கும், இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும், வாலிலுள்ள அசையும் தகடு) திணறும். இரண்டில் நான் அதிகம் பயப்படுவது வால் கனத்துக்கு.

2003 ஜனவரி 8, அமெரிக்காவின் சார்லட். பீச்கிராஃப்ட் 1900டி விமானம் ஏறிய வேகத்திலேயே மூக்கு அளவுக்கு மீறி எழுந்து விழுந்தது. இருந்த 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளைத் தவறாகச் சரிசெய்ததால் மூக்கை இறக்கும் அளவு குறைந்திருந்தது. அதே கோளாறோடு அந்த விமானம் ஏற்கெனவே பறந்தும் இருந்தது. அன்று மட்டும் வால் கனம். காகிதத்தில் எல்லாம் வரம்புக்குள்தான். சராசரி எடை வைத்துப் போட்ட கணக்கு, ஏறியவர்களோ அதைவிடக் கனம். அதன் பிறகுதான் அங்கே சராசரி எடைகளை உயர்த்தினார்கள்.

என் பணியிலும் ஒருமுறை முன் அறைக்கான பெட்டிகள் பின் அறைக்கு ஏறிவிட்டன. மொத்த எடையில் ஒரு கிலோகூடப் பிசகவில்லை, அதனால்தான் உடனே தெரியவில்லை. கதவு மூடுமுன் ஏற்றியவரே சந்தேகப்பட்டுக் கேட்டார். இறக்கி மாற்றினோம், விமானம் தாமதம், பயணிகளிடம் திட்டு.

சிறிய விமானத்தில் உங்கள் எடையைக் கேட்டால், கூச்சப்பட்டுக் குறைக்காமல் உடுப்போடும் பையோடும் உள்ளதைச் சொல்லுங்கள்.