ஈர்ப்புப் பிறழ்வு

கிராவிட்டி அனாமலியைத் தமிழில் ஈர்ப்பு முரண் என்றும் ஈர்ப்பு ஒழுங்கின்மை என்றும் எழுதுகிறார்கள். முரண் என்றால் இரண்டு மோத வேண்டும். இங்கே மோதல் ஏதுமில்லை. கணக்குப்படி வர வேண்டிய அளவிலிருந்து ஓர் இடத்தின் ஈர்ப்பு சற்று விலகியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் என் ஓட்டு 'பிறழ்வு'க்கு. பழம்பாடல்களில் கயல் மீன் பிறழும் என்பதால், சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் இருப்பவர்களுக்கும் இந்தச் சொல் அந்நியமில்லை.

அனாமலி கிரேக்கச் சொல். 'ஹோமலோஸ்' என்றால் சமமானது. 'அன்' சேர்ந்தால் சமமற்றது, மேடுபள்ளமானது. நிலத்தைப் படிக்கும் துறைக்கு நல்ல பொருத்தம். கிராவிட்டியின் வேரான லத்தீன் 'கிராவிஸ்' கனத்தைக் குறிக்கும். வடமொழி 'குரு'வும் அதற்கு உறவு. நம் ஈர்ப்போ 'ஈர்', அதாவது இழு என்பதிலிருந்து வந்தது.

சரி, கணக்கு என்ன? ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832, சென்னையில் ஏறத்தாழ 9.783 மீட்டர்/வினாடி². பெர்லினில் 9.813. அங்கே சரிசெய்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே கொண்டுவந்து காசிமேட்டில் வைத்தால், ஒரு கிலோ வஞ்சிரம் 997 கிராம்தான் காட்டும். தட்டுத் தராசில் இந்த வம்பு இல்லை, படிக்கல்லும் சேர்ந்தே இலேசாகிவிடும்.

ஆனால் இது பிறழ்வு அல்ல, அட்சரேகையால் வருவது. அதையும், கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் குறையும் 0.3086 மில்லிகாலையும், இடையிலுள்ள பாறையின் இழுப்பையும் சரிக்கட்டிய பின் மிஞ்சுவதுதான் பிறழ்வு. இப்படிச் சரிக்கட்டியதற்கு பிரெஞ்சுக்காரர் பியர் புகேயின் பெயர். 'கால்' என்ற அலகு கலிலியோவின் நினைவாக வந்தது. மில்லிகால் மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மிஞ்சுவதில்தான் நிலத்தடி தெரியும். பல்லாவரத்தின் சார்னோக்கைட் அடர்த்தி மிக்க பாறை, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம். எண்ணூர், மணலிப் பக்கம் கொசஸ்தலை ஆறும் கடலும் சேர்த்துவிட்ட வண்டலும் மணலும் 2 கிராம் அளவில் இருக்கும். அந்தப் பாறைக்குப் பதிலாக 100 மீட்டர் தடிமனுக்கு வண்டல் இருந்தால், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும்போது, ஈர்ப்பு 3 மில்லிகால் குறையும். 50 கிலோ ஆளுக்கு இது 0.15 கிராம். உடம்புக்குத் தெரியாது, ஈர்ப்பை அளக்கும் கருவியான கிராவிமீட்டருக்குத் தெரியும். எண்ணெய் தேடுபவர்கள் படிவுப் படுகைகளை முதலில் அடையாளம் காண்பதும் இப்படித்தான்.

இமயமலையில் கதை தலைகீழ். அத்தனை பாறை குவிந்தும் புகே பிறழ்வு எதிர்மறை. காரணம், மலைக்குக் கீழே இலேசான மேலோடு வேர்போல ஆழத்தில் இறங்கி, மேலோட்டுக்கு அடியிலுள்ள கனமான அடுக்கான மேன்டிலின் இடத்தைப் பிடித்திருக்கிறது.