படிகம் வந்துவிட்டது, கடத்துதிறன் ஏன் வரவில்லை?

லித்தியம் அலுமினியம் ஜெர்மானியம் பாஸ்பேட்டை உருக்கி வார்த்தால் கிடைக்கும் கண்ணாடி, அறை வெப்பநிலையில் ஏறக்குறைய மின்காப்பான்தான். சரியாகச் சூடேற்றிப் படிகமாக்கினால் அதுவே சென்டிமீட்டருக்கு 10⁻⁴ சீமென்ஸ் அளவுக்கு லித்தியம் அயனிகளைக் கடத்துகிறது. ஆனால் எந்தப் படிகங்கள் உருவாகின என்று காட்டும் எக்ஸ்-கதிர் வரைபடம் அப்பழுக்கில்லாமல் இருந்தும், கடத்துதிறனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத வில்லைகள் உண்டு. கோளாறு பெரும்பாலும் படிகங்களுக்குள் இல்லை, அவற்றின் இடுக்குகளில் இருக்கிறது.

வார்த்த வில்லையை முதலில் 500 °C-இல் 2 மணி நேரம் வைத்து உள்தகைவை, அதாவது ஆறும்போது உள்ளே தங்கிய இறுக்கத்தை, தணிக்க வேண்டும். அடுத்து, கண்ணாடி இளகத் தொடங்கும் நிலைமாற்ற வெப்பநிலைக்கு 20 முதல் 50 °C மேலே நிறுத்தினால் உட்கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் நுண்புள்ளிகள்) ஏராளமாகத் தோன்றும். இதைத் தவிர்த்து நேரே மேலே போனால் மேற்பரப்பிலிருந்து சில படிகங்களே பெரிதாக வளரும். வில்லை விரிசல் விடும். படிகமாகும்போது கண்ணாடி தானே வெப்பத்தை வெளிவிடும். தடித்த வில்லையின் நடுப்பகுதி உலை காட்டும் எண்ணைத் தாண்டிவிடுவது இதனால்தான். படிகமாகும் அந்த வெப்பநிலை இடைவெளியை நிமிடத்துக்கு 1 °C வேகத்தில் கடப்பதே நல்லது. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை வில்லையை ஒட்டி இருக்கட்டும். இறுதியில் 825–850 °C, 8 முதல் 12 மணி நேரம்.

இன்னும் சூடேற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. மிகையான சூட்டில் லித்தியம் ஆவியாகிறது. அலுமினியம் பாஸ்பேட்டும் ஜெர்மானியம் ஆக்சைடும் துகள் எல்லைகளில், அதாவது படிகத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளில், பிரிந்து அயனிகளின் வழியை அடைக்கின்றன. இவை கொஞ்சமாக இருக்கும்போது எக்ஸ்-கதிர் வரைபடத்தில் தெரியாமலே போகலாம். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூசையில் உருக்கினால், மூசையிலிருந்து கரையும் அலுமினியமும் இதே தொல்லையைக் கூட்டும்.

இடுக்கைக் காட்டிக்கொடுப்பது, மாறுமின்னோட்டத்துக்கு வில்லை காட்டும் எதிர்ப்பை அதிர்வெண் வாரியாகப் பார்க்கும் மின்மறுப்பு அளவீடு. இரு முகங்களிலும் தங்கப் படலம் பூசி, 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸ் வரை அளக்கலாம். 0.1 செ.மீ. தடிமனும் 1 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வில்லையில் மொத்த மின்தடை 1000 ஓம் என்றால் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 10⁻⁴ சீமென்ஸ். அளவீட்டு வரைபடத்தில் தோன்றும் அரைவட்டத்தின் மின்தேக்குத்திறன் 10⁻¹² ஃபாரடை ஒட்டி இருந்தால் அது படிகத்தின் பங்கு. 10⁻¹¹ முதல் 10⁻⁸ வரை என்றால் துகள் எல்லையின் பங்கு. துகள் எல்லையின் அரைவட்டம் வீங்கியிருந்தால் வெப்ப அட்டவணையைத்தான் திருத்த வேண்டும். உட்கூறுகளை மாற்றிப் பயனில்லை.

மின்காப்புக்கான கார்டியரைட் (மெக்னீசியம் அலுமினியம் சிலிகேட்) வகையில் கணக்கு தலைகீழ். அங்கே எஞ்சும் கண்ணாடியில் சோடியம் போன்ற கார அயனிகள் தங்கினால் மின்காப்பு இழப்பு (வெப்பமாக வீணாகும் மின்னாற்றல்) ஏறும். படிகம் எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, வளராமல் மிஞ்சியதில் என்ன இருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.