டவர் அருகில் இருந்தால் கைபேசி அடங்கிப் பேசும்

“அடுத்த தெருவில் செல்போன் டவர் வரப்போகிறது. குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருமோ என்று பயமாக இருக்கிறது. எதிர்த்து மனுக் கொடுக்கலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பேன்.

புற்றுநோய்க்கு வழிவகுக்கும்படி மரபணுவின் பிணைப்பை உடைக்க ஓர் ஒளித்துகளுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) ஆற்றலாவது வேண்டும். கைபேசி பயன்படுத்தும் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் துகளில் அதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அலை திசுவைச் சற்றுச் சூடாக்கும், அவ்வளவே. அந்தச் சூட்டுக்கும் வரம்பு உண்டு. உங்கள் கைபேசியின் அலையாற்றலை உடல் திசு எவ்வளவு உறிஞ்சும் என்ற அளவை *#07# அழுத்திப் பார்க்கலாம். இந்தியாவில் அது ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது.

என்னை இன்றும் வியக்கவைப்பது திறன் கட்டுப்பாடு, அதாவது கைபேசி எவ்வளவு வலுவாக அலை அனுப்ப வேண்டும் என்பதை டவர் சொல்லும் ஏற்பாடு. ஒரே டவரிடம் ஏராளமான கைபேசிகள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அருகில் இருப்பது முழு வலுவில் பேசினால், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருப்பதன் குரல் மூழ்கிப்போகும். எல்லாக் குரல்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துசேர வேண்டும் என்பதால், ‘குறை’, ‘கூட்டு’ என்று டவர் ஒவ்வொரு கைபேசிக்கும் ஓயாமல் கட்டளை அனுப்புகிறது. 3ஜியில் நொடிக்கு 1,500 முறை! நீங்கள் ஒரு தூணின் மறைவுக்கு நகர்வதற்குள் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் நடந்து முடிந்திருக்கும். 4ஜி கைபேசியின் உச்ச வலு பொதுவாக 0.2 வாட், சிக்னல் நன்றாக இருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கலாம். இரைச்சலைத் தடுக்கவும் பேட்டரியைச் சேமிக்கவும் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு இது. நம் தலைக்கும் நன்மையாக அமைந்துவிட்டது.

தூரம் இரட்டிப்பானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகும். ஆகவே பேசும்போது தலையில் படுவதில் பெரும்பங்கு காதோரக் கைபேசியிலிருந்தே வருகிறது. டவரை விரட்டினால் தெருவிலுள்ள கைபேசிகள் எல்லாம் வலுவைக் கூட்டும். லிஃப்டிலும் நிலவறையிலும் சிக்னல் தேய்ந்திருக்கும்போது இயர்போனில் பேசுங்கள்.

2020இல் பசுப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், கைபேசியின் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று பசுஞ்சாணச் சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தினார். நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் சான்று கேட்டார்கள். அரசு அமைப்பின் தலைவரே இப்படிச் சொன்னது எனக்குப் பெரும் வேதனை. கைபேசியில் ஒட்டும் ஒரு பொருள் மெய்யாகவே அலையைத் தடுத்தால், கைபேசி இன்னும் உரக்கப் பேசத் தொடங்கும்.

நீண்டகால விளைவு? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவ்வலைகளை ‘புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ளவை’ என்று வகைப்படுத்தியது. சான்று மிகக் குறைவாக இருந்த நிலையில் எடுத்த எச்சரிக்கை முடிவு அது. 2022இல் வெளியான பிரிட்டன் பெண்கள் ஆய்வில், பத்தாண்டுகளுக்கு மேல் கைபேசி பயன்படுத்தியவர்களிடமும் மூளைக்கட்டி கூடவில்லை. ஆனால் அவர்கள் நடுவயதுப் பெண்கள்; பெரும்பாலோர் நாள்தோறும் மணிக்கணக்கில் பேசியவர்களும் அல்லர். பள்ளிப் பருவத்திலேயே கைபேசி பிடித்த தலைமுறையைத் தனியே ஆராய வேண்டும். அதற்கான பணம் கைபேசி நிறுவனங்களிடமிருந்து வரக்கூடாது. 2022 அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். அதில் ஒரு துளியை ஒதுக்கினாலே இந்தியக் குழந்தைகளை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கலாம்.