மன வயது ஒன்பது

1905இல் பாரிஸில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினேயும் அவருடன் வேலை செய்த தியோடர் சிமோனும் 30 சின்னச் சோதனைகளை எளியதில் தொடங்கிக் கடினமானது வரை அடுக்கினார்கள். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் பின்தொடர்கிறதா என்பது முதல் சோதனை. போகப்போக, ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்பார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம்.

1908இல் கேள்விகளை வயதுவாரியாகப் பிரித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பதில் சொல்லும் கேள்விகள் வரை சமாளித்தால் 'மன வயது' எட்டு. 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் உளவியலாளர் அதை உண்மை வயதால் வகுத்தார். பின்னால் வந்தவர்கள் 100ஆல் பெருக்கினார்கள். பத்து வயதுப் பையனின் மன வயது எட்டு என்றால், ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் எண், 80. இந்த வகுத்தலில்தான் விஷயம் தடம் மாறியது என்பேன். மன வயது அடுத்த வருடம் ஏறிவிடும். ஐக்யூவோ ஆளோடு ஒட்டிப் பிறந்த குணம்போலத் தெரிகிறது. அறிவு ஒருபோதும் வளராது என்ற பேச்சைப் பினே கடுமையாக எதிர்த்தார். ஆனால் 1911லேயே இறந்துபோனார்.

இன்று கணக்கிடும் முறையே வேறு. சம வயதினரின் சராசரியை 100 என்று வைத்து, நாம் அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்கிறார்கள். அதாவது, கூட்டத்தில் நமக்கு எந்த இடம் என்று மட்டுமே அது சொல்லும். நாமோ அதை ரத்த வகை மாதிரிச் சொல்லிக்கொள்கிறோம்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேரைச் சோதித்தது. ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. புதிதாகக் குடியேறிய இத்தாலியருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அவர் மதிப்பெண்ணைப் பிறவி அறிவு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். 'மந்தபுத்தி' என்று முத்திரை விழுந்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அங்கே ஒரு சட்டம் இருந்தது. கேரி பக் என்ற 18 வயதுப் பெண்ணின் மன வயது ஒன்பது, அவள் தாயின் மன வயது எட்டுக்கும் கொஞ்சம் குறைவு என்று சோதனை சொன்னது. கேரியின் கைக்குழந்தை விவியனும் 'சரியில்லை' என்றார் ஒரு சமூகப் பணியாளர். பார்த்தே சொன்னது, அவ்வளவுதான்! "மூன்று தலைமுறை மந்தபுத்தி போதும்" என்று 1927இல் அந்தச் சட்டம் செல்லும் என்ற தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள்.

விவியன் பின்னர் பள்ளியில் நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள். வர்ஜீனியா அந்தச் சட்டத்தை நீக்கியது 1974இல். தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.