புன்வெற்றிடமா, சாற்றுப்பையா?

தாவரக் கலத்தில் மிகப் பெரிய இடத்தைப் பிடித்திருப்பது எது என்று கேட்டால் மாணவர்கள் 'புன்வெற்றிடம்' என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'வெற்றிடம்தானே சேர், ஒன்றுமில்லை!' பிள்ளைகளை நோகக் கூடாது. பெயரே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது.

மூலச்சொல் வாக்குவோல். வெறுமை என்னும் பொருளுள்ள இலத்தீன் அடியோடு, சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்தது. 1841இல் பிரெஞ்சு உயிரியலாளர் துஜார்தான் நுண்ணுயிரிகளுக்குள் கண்ட பகுதிக்கு இட்ட பெயர். அடுத்த ஆண்டே ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்லைடன் அதைத் தாவரக் கலத்துக்குக் கொண்டுவந்தார், அதுவும் சாறு நிறைந்த பகுதியைப் பிரித்துக் காட்டுவதற்காக!

புன்வெற்றிடம் இதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அதில் இரண்டு பிழை. முதிர்ந்த தாவரக் கலத்தில் இது கனவளவில் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கலாம். இதைப் போய் 'புன்' என்பதா? அப்புறம், வெற்றிடமும் இல்லை. பீட்ரூட்டின் சிவப்பும் தேசிக்காயின் புளிப்பும் இதற்குள்தான். இதிலுள்ள சாறு கலச்சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் கீரைத்தண்டு விறைப்பாக நிற்கிறது. தமிழ்நாட்டார் சொல்லும் 'நுண்குமிழி'யும் தேறாது. குமிழி என்றால் காற்று நினைவுக்கு வரும், 'நுண்' வேறு.

மூலத்துக்கு விசுவாசம் வேண்டாமா என்பார்கள். சரி, 'செல்' என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் சிற்றறை என்று பொருள். நாம் சிற்றறை என்றா சொல்கிறோம்? கலம் என்றோம், அழகாக நிலைத்தது. அங்கே காட்டிய துணிவு இங்கே எங்கே போனது? அகராதியின் முதல் வரியைப் பார்த்துப் பெயர்த்துவிட்டு, பொருளைத் திரும்பிப் பார்க்காத பழக்கம் கலைச்சொல்லாக்கத்தில் இன்னும் போகவில்லை. தூய தமிழாய் இருந்தால் மட்டும் போதுமா?

சாற்றுப்பை என்பதே என் தெரிவு. சுற்றிலும் மென்சவ்வு இருப்பதால் 'பை' பொருந்தும். அமீபாவிலும் புன்வெற்றிடம் உண்டே, அதில் சாறு ஏது என்று கேட்பீர்கள். அங்கே உணவுப்பை, சுருங்குபை என்று தொழிலைச் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கலத்தையும் பையையும் சேர்க்கலாமே என்றார் நண்பர் ஒருவர். சேர்த்தால் கலப்பை. உழத்தான் போகவேண்டும்.